மணியடித்த பிறகு

(தேசியப் பாதுகாப்பு வாரத்தையொட்டிப் பெங்களூருவில் தொழிற்பயிற்சி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில், ஓய்வுபெற்ற வெல்டிங் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாதுகாப்பு பற்றி நாற்பது நிமிஷம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி வரும் என்பது எனக்குத் தெரியும். முப்பது வருஷம் அந்தக் கொட்டாவியை வரவழைத்தவனே நான்தான். 1966 மார்ச் 4-ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு மன்றத்தைத் தொடங்கினார்கள். அதன் நினைவாக வருஷா வருஷம் மார்ச் 4 வந்தால் சட்டையில் ஒரு பட்டையைக் குத்திக்கொள்வோம், உறுதிமொழி வாசிப்போம், டீயும் பிஸ்கட்டும் ஆகும். ஐந்தாம் தேதி காலையில் பார்த்தால் முகத்தை மறைக்க வேண்டிய வெல்டிங் ஷீல்டு அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே இன்றைக்கு உறுதிமொழி வேண்டாம். ஓர் இரவில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆசிரியனாக எனக்கு அது இரண்டாவது வருஷம். அதற்கு முன் ஏழெட்டு வருஷம் ஒரு பெரிய தொழிற்சாலையில் வெல்டிங் ராடு பிடித்தவன். வேலை தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியாது. என்னிடம் இருபது பையன்கள் இருந்தார்கள். என்னுடையது போக இருந்த கைப்பிடி ஷீல்டு நான்கு. ஒரு நாள் மத்தியானம் இரண்டு பட்டைகளை டி-ஜாயிண்டாக நிறுத்தி, பத்தாம் நம்பர் ராடில் ஒரு ரன், அதாவது ஒரு கோடு வெல்டு, போட்டுக் காட்டினேன். நாலு பேர் ஷீல்டு வழியாகப் பார்த்தார்கள். மற்றவர்கள் விரலிடுக்கு வழியாகவும், நோட்டுப் புத்தகத்தின் ஓரமாகவும், முன்னால் நிற்பவன் தோளுக்கு மேலாகவும் எட்டிப் பார்த்தார்கள். "வெறுங்கண்ணால பாக்காதீங்கடா" என்று நானும் வாயால் சொன்னேன். பார்ப்பதற்காகத்தானே வகுப்பு? நாலு மணிக்கு மணியடித்தது. சிரித்துக்கொண்டே போனார்கள்.

ராத்திரி பதினொன்றரைக்குக் கதவைத் தட்டினார்கள். ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருந்த ஒரு பையனின் அம்மா. "சார், கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குதுன்னு அழுவறான் சார். லைட்டுப் போட்டா கத்துறான். கண்ணு போயிடுமா சார்?" ஓடினேன். பையன் சுவரைப் பார்த்துத் திரும்பி, தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தான். இமை வீங்கியிருந்தது, தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரி சங்கில் தாய்ப்பால் கொடுத்திருந்தாள். இன்னொருத்தி உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கிக் கொண்டுவந்திருந்தாள். அதே ராத்திரி என் வகுப்பில் ஆறு பேர் வீட்டில் இதே கதை நடந்ததென்று மறுநாள் தெரிந்தது. அந்த ஆறு பேரில் ஒருத்தனும் அன்றைக்கு ராடைத் தொடவில்லை. வெல்டு வைத்த எனக்கும், ஷீல்டு பிடித்த நாலு பேருக்கும் கண்ணில் ஒன்றுமில்லை.

தொழிலில் இருப்பவர்கள் இதைக் "கண்ணு அடிச்சிடுச்சு" என்பார்கள். ராடு நுனியில் எரியும் மின்சுடரான ஆர்க்கிலிருந்து கிளம்பும் புற ஊதாக் கதிர், வெயில் முதுகைச் சுடுவது போலக் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. சுடும்போது வலிக்காது. ஆறு மணி நேரம், சில பேருக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் அந்த மேல்தோல் உரிய ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். உருளைக்கிழங்கு குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். தாய்ப்பால் குழந்தைக்குத்தான் மருந்து. உரிந்த கண்ணில் அதை விட்டால் கிருமி சேர இடம் உண்டு. கண்ணைக் கசக்காமல் காலையில் மின்டோ ஆஸ்பத்திரிக்கோ பக்கத்திலிருக்கும் கண் டாக்டரிடமோ கூட்டிப்போங்கள். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மெடிக்கலில் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப விடாதீர்கள். வலி அடங்கும், கருவிழி கெடும்.

அந்த ராத்திரி எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. வெல்டிங்கின் கெடுதலில் பெரும்பங்கு வேலை நடக்கும்போது வருவதில்லை. மணியடித்து, பூட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகு வருகிறது. இரண்டாவது, பள்ளிப் பட்டறையில் அது பிடிப்பது பெரும்பாலும் வேலை செய்பவனை அல்ல, வேடிக்கை பார்ப்பவனை. இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டுக்குள்தான் வரும்.

நம் ஊரின் கதையையும் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். 1940-இல் இங்கே விமானத் தொழிற்சாலை வந்தது. 1943-இல் விசுவேசுவரய்யாவின் முயற்சியில் ஜெயசாமராஜேந்திரர் பெயரில் தொழில் கற்பிக்கும் நிலையம் வந்தது. விமானத் தொழிற்சாலையிலேயே ரயில் பெட்டிகளும் செய்தார்கள். 1964-இல் பெமல் நிறுவனம் தொடங்கிய பிறகு அந்த வேலை அங்கே போனது. 1972-இல் டென்மார்க் உதவியோடு அரசு டூல் ரூம் வந்தது. வேலூர், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வண்டி ஏறி வந்த நம் ஆட்கள் இந்த ஆலைகளில் எத்தனை பேர்! நம் தாத்தாக்களுக்கு யாரும் புத்தகம் வைத்துப் பாடம் நடத்தவில்லை. மேஸ்திரி பக்கத்தில் நிற்க வைத்து, "பாத்துப் பழகு" என்றார். தச்சு வேலை அப்படித்தான் வந்தது, கொத்து வேலை அப்படித்தான், சமையலும் அப்படித்தான். ஆர்க் வெல்டிங் ஒன்றுதான் இந்த வழிக்கு வராத தொழில். அதை வெறுங்கண்ணால் பார்த்துப் பழகவே முடியாது. கருப்புக் கண்ணாடிக்குள் முக்கால் குருடனாக நின்று, அப்பளம் பொரிவது போன்ற அந்தச் சத்தத்தை வைத்து ஆர்க்கின் நீளம் சரியா என்று காதால் பழக வேண்டும். நாமோ இன்னும் பழைய மேஸ்திரி வழியிலேயே இருபது பேரைச் சுற்றி நிற்க வைக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரகணம் என்றால் பேரனை வாசலுக்கே விடாத பாட்டிகள் இருக்கிறார்கள். 2019 டிசம்பர் 26 காலையில் எங்கள் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. அந்தப் பேரன்தான் மறுநாள் பையை மாட்டிக்கொண்டு, காமாட்சிபாளையத்திலோ லிங்கராஜபுரத்திலோ கிரில் கடை வாசலில் கால் மணி நேரம் வாயைப் பிளந்து நிற்கிறான். அங்கே வேலை செய்பவரும் கூலிங் கிளாஸ்தான் போட்டிருப்பார். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் பையில்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் தோட்டக்காரரிடமும் பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறது. உலோக வேலையும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல யோசனை, எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அங்கே போகும் பதினொரு வயசுப் பிள்ளை ராடு பிடிக்கப் போவதில்லை, வேடிக்கைதான் பார்க்கப் போகிறது.

கண்ணாடி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கருப்புக் கண்ணாடிக்கும் ஒரு எண் உண்டு. பள்ளியில் நாம் ஓட்டும் 100, 120 ஆம்பியருக்குப் பத்தாம் எண்ணோ பதினோராம் எண்ணோ வேண்டும். கேஸ் வெல்டிங் பச்சைக் கண்ணாடி ஐந்தாம் எண் அளவில் இருக்கும். அது கேஸுக்குப் போதும், ஆர்க்குக்குப் போதவே போதாது. ராடு பத்தாம் நம்பர், கண்ணாடியும் பத்தாம் நம்பர் என்று பையன்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வார்கள். ராடின் நம்பர் கம்பியின் தடிமன், கண்ணாடியின் நம்பர் இருட்டின் ஆழம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. எக்ஸ்ரே ஃபிலிமை மடித்து வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. வெளிச்சம் குறைந்தது போல இருக்கும். கண்ணைக் கெடுக்கும் கதிர் நம் கண்ணுக்கே தெரியாதது. அது குறைந்ததா இல்லையா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழி கிடையாது.

அந்த ராத்திரிக்குப் பிறகு எங்கள் பட்டறையில் ஒரே ஒரு விதி வந்தது: எத்தனை ஷீல்டோ அத்தனை பார்வையாளர். நாலு ஷீல்டு என்றால் நாலு பேர் உள்ளே, மீதிப் பதினாறு பேர் திரைக்கு அந்தப் பக்கம் அரம் பிடிப்பார்கள், பட்டை அறுப்பார்கள், படம் போடுவார்கள். ஒரே ரன்னை ஐந்து தடவை போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. என் கை வலித்தது, யார் கண்ணும் வலிக்கவில்லை. திரை என்றால் ஆர்க் வெளிச்சத்தைத் தடுக்கும் தடித்த திரை, பழைய சேலை அல்ல. சுவருக்கும் பளபளக்காத பெயிண்ட் அடித்தோம். வழவழப்பான வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் கதிர், ஹெல்மெட்டுக்குப் பின்பக்கமாக நுழைந்து கண்ணைத் தொடும்.

"சும்மா ஒரு டாக்குதானே" என்ற பேச்சையும் நிறுத்தினோம். இரண்டு துண்டைப் பொருத்தி ஒரு பொட்டு வைக்கும்போது ஷீல்டை எடுக்காமல், முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வைக்கிறார்கள். நாள் பூராவும் நூறு டாக்கு வைத்தால் கன்னமும் இமையும் கருத்துத் தோல் உரியும். அதுவும் மறுநாள் காலையில்தான் தெரியும்.

சீருடை பற்றி ஒரு சண்டையே போட்டேன். பள்ளிகளும் பயிற்சிக்கூடங்களும் கசங்காது, சீக்கிரம் காயும் என்று பாலியஸ்டர் கலந்த துணியில் சீருடை தைக்கின்றன. நெருப்புப் பொறி பருத்தியில் விழுந்தால் ஒரு ஓட்டை விழும், தட்டிவிடலாம். பாலியஸ்டரில் விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், டாக்டர்தான் பிரித்தெடுக்க வேண்டும். "சார், யூனிஃபார்ம் மாத்தினா பேரண்ட்ஸ் கேப்பாங்க" என்றார்கள். சீருடை அப்படியே இருக்கட்டும், பட்டறைக்கு மட்டும் தடித்த பருத்திக் காக்கி, மேலே தோல் ஏப்ரன் என்று முடிவானது. பேன்ட்டின் கீழ்மடிப்பை இறக்கிவிடச் சொன்னோம். மடித்த இடம் பொறி விழுந்து குந்தியிருக்க நல்ல கிண்ணம். ரப்பர் செருப்போடு வருபவனை வாசலிலேயே நிறுத்தினோம். பெண்பிள்ளைகள் வர ஆரம்பித்த பிறகு துப்பட்டாவும் பின்னலும் சட்டைக்குள் போயின, வளையல் கழற்றி டப்பாவில் போனது. ஒரு பெண் வளையலைக் கழற்ற மறுத்தாள், வீட்டில் அடிப்பார்கள் என்றாள். அவள் பாட்டியிடமே போய்ப் பேசினேன். "வெல்டிங்கு முடிஞ்சதும் போட்டுக்கட்டும்" என்று பாட்டி உத்தரவு கொடுத்தார். எந்த இன்ஸ்பெக்டர் உத்தரவும் இவ்வளவு சுலபமாக அமலானதில்லை.

அடுத்தது புகை. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் கேட் நம் ஊரில் தெருவுக்குத் தெரு. இரும்பு உருக 1500 டிகிரி அளவு வேண்டும். மேலே பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வெல்டு வைக்கும்போது வெள்ளைப் பஞ்சுத் துணுக்கு போல மிதக்கிறதே, அது ஆவியாகிக் காற்றில் எரிந்த துத்தநாகம்தான். அதை மத்தியானம் இழுத்தவனுக்குச் சாயங்காலம் வாயில் இரும்புச் சுவை, பிறகு குளிர், நடுக்கம், காய்ச்சல். மலேரியாவோ என்று ரத்தம் எடுக்கப் போவார்கள். டாக்டர் கேட்க மாட்டார், இவனும் சொல்ல மாட்டான். ஓரிரு நாளில் தானாக இறங்கிவிடும். தொடர்ந்து செய்பவருக்கு உடம்பு கொஞ்சம் பழகிப்போகும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும், திங்கட்கிழமை திரும்பவும் காய்ச்சல். அதனால் மேல்நாட்டு டாக்டர்கள் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பேர் வைத்திருந்தார்கள்.

நம்மவர்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து பாலும் வெல்லமும். முதலாளி ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது. பால் குடியுங்கள், நல்லதுதான். ஆனால் பால் இறங்குவது வயிற்றுக்கு, புகை இறங்குவது நுரையீரலுக்கு, இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகையில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே வகை. இருபது முப்பது வருஷம் கழித்து வரும் அந்த நோய்க்கு, பதினாறு வயசில் நின்ற பட்டறையையா யாராவது நினைத்துப் பார்ப்பார்கள்?

இதற்குப் பெரிய மெஷின் எல்லாம் வாங்க முடியாத பள்ளிகள்தான் அதிகம். முதலில் செய்யக்கூடியது, தலையைப் புகைக்கு வெளியே வைப்பது. பையன்கள் உருகும் இடத்தை உற்றுப் பார்க்கிறேன் என்று குனிந்து, எழும்பும் புகையின் நேர் மேலே மூக்கைக் கொண்டுபோய் வைப்பார்கள். துண்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் பக்கவாட்டில் நின்றே பார்க்கலாம். மேலே சுற்றும் மின்விசிறி புகையை வெளியேற்றாது, எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கும். சுவரில் வெளியே தள்ளும் விசிறி வேண்டும், எதிரே ஜன்னல் திறந்திருக்க வேண்டும். டிசம்பர் குளிரில் ஷட்டரை இறக்கிவிட்டு வெல்டு வைப்பதைப் போலப் பாவம் வேறில்லை. ஜிஐ பைப்பில் வெல்டு விழும் இடத்தில் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு வைப்பதும், பிள்ளைகளுக்குப் பழக ஜிஐயே கொடுக்காமல் சாதா இரும்பு கொடுப்பதும் காசில்லாமல் நடக்கும் காரியம்.

சில கெடுதல்கள் மணிக்காகக் காத்திருப்பதில்லை. அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெல்டிங் செட்டில் ஆர்க் அடிக்காமல் சும்மா இருக்கும்போது 80 வோல்ட் வரை நிற்கும். வீட்டுக் கரண்ட் 230, இது 80தானே என்பார்கள். வியர்த்து நனைந்த கையுறையோடு, தான் உட்கார்ந்திருக்கும் இரும்பின் மேலேயே வெல்டு வைப்பவனுக்கு அந்த 80 போதும். "எர்த்" என்று நாம் கூப்பிடுகிறோமே அந்த கிளாம்ப், அதன் பெயரே தப்பு. கரண்ட் செட்டுக்குத் திரும்பிப் போகும் வழி அது, ஷாக்கிலிருந்து காப்பாற்றும் எர்த் அல்ல. எர்த்தானே என்று அதைத் தண்ணீர்க் குழாயிலும் ஜன்னல் கம்பியிலும் மாட்டினால், கரண்ட் அந்தக் குழாயும் கம்பியும் போகிற இடமெல்லாம் போகும். செட்டின் உடம்புக்குத் தனியாக எர்த் வேண்டும். அது இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

கை கிரைண்டரின் வில்லையில் 80 மீட்டர்/வினாடி என்று போட்டிருக்கும். மணிக்கு 288 கிலோமீட்டர். அது உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் கிளம்பும். மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுபவனை நான் வகுப்பிலிருந்து எழுப்பியிருக்கிறேன். வில்லையில் தேதியும் அச்சடித்திருக்கும், தேதி போனதைக் குப்பையில் போடுங்கள், ஏழைப் பள்ளிக்குத் தானமாகக் கொடுக்காதீர்கள்.

கேஸ் சிலிண்டரில் கருப்பு ஆக்சிஜன், அரக்குச் சிவப்பு அசிட்டிலின். அசிட்டிலின் திருகு இடது பக்கம் திரும்பும், நட்டின் மூலையில் வெட்டு இருக்கும். அசிட்டிலின் சிலிண்டரைப் படுக்க வைத்து ஓட்டாதீர்கள். ஆக்சிஜன் வால்வுப் பக்கம் எண்ணெயோ கிரீஸோ பட்ட கை போகவே கூடாது, சேர்ந்தால் பற்றிக்கொள்ளும். எனக்கு இன்னும் பயம் தருவது வேறொன்று. வேலை முடிந்ததும் சட்டையில் இருக்கும் தூசியை ஆக்சிஜன் குழாயால் ஊதிக்கொள்வார்கள். "காத்துதானே சார்." அது காற்றல்ல. துணி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போய் ஒரு பீடி பற்ற வைத்தால் சட்டை முழுக்க ஒரே மூச்சில் எரியும். பாருங்கள், திரும்பவும் மணியடித்த பிறகு!

இனி "காலி" என்ற சொல்லுக்கு வருகிறேன். கன்னடத்திலும் காலிதான், தமிழிலும் காலிதான், இரண்டு மொழியிலும் பொய்தான். "சார், அப்பா வண்டி டேங்க் ஒழுகுது, ஒரு டாக்கு வெச்சுத் தரீங்களா? காலி பண்ணிட்டேன் சார்." வருஷத்துக்கு ஒரு பையனாவது இப்படிக் கொண்டுவருவான். சிவாஜி நகர்ப் பழைய சாமான் கடைகளிலிருந்து காலி பேரல் வாங்கிவந்து அறுத்து அடுப்பு செய்யலாம் என்பான் இன்னொருத்தன். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தால் ஆவிக்கு இடம் குறைவு. காலி பண்ணிய டேங்கில்தான் ஆவியும் காற்றும் சரியான பக்குவத்தில் கலந்து நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே வெடிக்கப் போதும். ஒரு பேரலுக்கு எத்தனை ஸ்பூன் பெட்ரோல் போதும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். டீசலும் எண்ணெயும் அப்படிச் சட்டென்று ஆவியாகாதுதான். ஆனால் மடிப்பில் ஒட்டியிருக்கும் கசடின் மேல் கேஸ் டார்ச்சின் நெருப்பைக் காட்டினால் அதுவும் ஆவியாகும். 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், 37-ஆம் பிரிவிலேயே, எரியும் பொருள் இருந்த, அல்லது முன்பு எப்போதோ இருந்த பாத்திரம் எதையும் அதை முழுக்க அகற்றாமல் வெல்டு வைக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. "முன்பு இருந்த" என்று சேர்த்தாரே, அந்த ஆள் பட்டறையைப் பார்த்தவர். பள்ளிக்கு என் ஆலோசனை இன்னும் சுருக்கம்: மூடிய பாத்திரம் எதுவும் உள்ளே வரக் கூடாது. கழுவினேன், ஆவி பிடித்தேன் என்ற பேச்சே வேண்டாம். அந்த வேலை தெரிந்தவர்கள் வெளியே இருக்கிறார்கள்.

சட்டம் என்றதும் ஒன்று. ஆலைக்கு ஆய்வாளர் வருவார். பள்ளிப் பட்டறைக்கு வர மாட்டார், ஏனென்றால் பள்ளி தொழிற்சாலை அல்ல, மாணவன் தொழிலாளி அல்ல. 1961-இன் பயிற்சியாளர் சட்டம், ஆலையில் பயிற்சிக்குச் சேர்ந்தவனைத் தொழிலாளி போலவே பாவித்துப் பாதுகாப்பு கொடுக்கச் சொன்னது. அதே பையன் அதற்கு முந்தின மாசம் வரை பள்ளியில் அதே ராடைப் பிடித்தபோது, அவனைக் கேட்க நாம் மட்டும்தான் இருந்தோம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் எரிந்துபோனார்கள். அந்தத் துயரத்திலிருந்து கிளம்பிய வழக்கில்தான், கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியும் அதில் சேர்த்திதான் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு பள்ளிகளில் தீயணைப்பான் சிவப்பாகச் சுவரில் ஏறியது. அதை எடுத்து இயக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் கை தூக்குவது யார் என்று பார்க்க எனக்கு ஆசைதான். வேண்டாம், விருந்தாளியாக வந்திருக்கிறேன்.

கடைசியாக நெருப்பு. 1942 பிப்ரவரி 9-ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற பிரெஞ்சுக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. உலகத்தின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்று. போர்வீரர்களை ஏற்றிப் போக அதை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு தொழிலாளி கேஸ் கட்டிங் டார்ச்சால் ஒரு விளக்குத் தூணை அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிதவைச் சட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. தண்ணீரில் மூழ்காமல் காப்பாற்றும் அந்தச் சட்டைகளுக்குள் என்ன வைத்துத் தைத்திருந்தார்கள் தெரியுமா? இலவம்பஞ்சு. நம் தலையணையில் இருக்கும் அதே இலவம்பஞ்சு. பொறி விழுந்தது, பஞ்சு பிடித்தது, கப்பல் எரிந்தது. அணைக்க ஊற்றிய தண்ணீரின் பாரத்தில் அது மறுநாள் கவிழ்ந்தே போனது. இலவு காத்த கிளியை நமக்குத் தெரியும். இது இலவு எரித்த கப்பல்.

நம் பட்டறையில் அந்த இலவம்பஞ்சுக்குப் பேர் பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும், எண்ணெய் துடைத்துப் பெஞ்சுக்கு அடியில் எறிவோம். பொறி பத்துப் பதினோரு மீட்டர் வரை உருண்டு போகும். தரையில் தட்டி உருண்டு, ஒரு மூலையில் இருக்கும் துணிக்குள் புகுந்து, வெளியே தெரியாமல் கருகிக் கருகி, அரை மணி கழித்துத்தான் மூச்சு விட்டு எரிய ஆரம்பிக்கும். எனக்கே ஒரு சனிக்கிழமை நடந்தது. ஒரு மணிக்குப் பூட்டிவிட்டுப் போனேன். காவலாளி ஷட்டர் இடுக்கில் புகையைப் பார்த்து என் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். நான் போய்ச் சேரும்போது இரண்டு பெஞ்சும் ஒரு கேபிள் சுருளும் போயிருந்தன. சிலிண்டர்கள் சுவருக்கு வெளியே கூண்டில் இருந்ததால் பட்டறை மிஞ்சியது. அந்தக் கூண்டை அங்கே வைத்தது எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர். ஒவ்வொரு நாளும் அதைச் சாவி போட்டுத் திறக்கச் சலித்துக்கொண்டு நான் அவரைத் திட்டியிருக்கிறேன்.

வேலை முடிந்து அரை மணி நேரமாவது ஒருவர் நின்று கண்காணிக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். சில நாடுகளில் இப்போது ஒரு மணி நேரம் என்கிறார்கள். பள்ளியில் இது நடக்காது, ஏன் தெரியுமா? பீரியட் நான்கு மணிக்கு முடியும், பஸ் நாலு பத்துக்கு. கடைசிப் பத்து நிமிஷம்தான் எல்லோரும் அவசர அவசரமாக வெல்டு வைப்பார்கள், மார்க்குக்காக. ஆகவே நேரத்தைத்தான் மாற்ற வேண்டும், பையன்களை அல்ல. நாங்கள் செய்தது இவ்வளவுதான். மூன்றரைக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவேன். அதற்குப் பிறகு ஒரு ராடும் எரியாது. மீதி அரை மணியில் வெல்டின் மேல் படிந்த கசடான ஸ்லாக்கைத் தட்டுவது, கம்பித் தூரிகை போடுவது, அளந்து பார்ப்பது, நோட்டு எழுதுவது, கூட்டிப் பெருக்குவது. பொறி கருகும் நேரமும் பையன்கள் உள்ளே இருக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டது.

ஆரம்பத்தில் தலைமை ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. பிராக்டிகல் நேரம் குறைகிறது என்றார். குறைந்ததுதான். ஆனால் தட்டிப் பார்க்காத வெல்டு என்ன வெல்டு? முன்பெல்லாம் மறுநாள் காலையில் ஆறிப்போன துண்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அடுத்ததை எடுப்பார்கள். இந்த அரை மணியில்தான் அவர்கள் தங்கள் ரன்னில் ஓட்டை எங்கே, ஸ்லாக் மாட்டியது எங்கே என்று பார்க்கக் கற்றார்கள். அந்த பேட்ச்களில் பலர் பீன்யா தொழிற்பேட்டையில் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். வெல்டிங் சரியில்லை என்று அவர்களிடமிருந்து வேலை திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கொஞ்சம் தற்பெருமை, மன்னியுங்கள்.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்தபோது ஒரு வருஷம் ஒரு பையன் நெருப்பணைக்க வைத்திருந்த மணல் வாளிக்கும் குங்குமம் வைத்திருந்தான். நான் சொல்லவில்லை, அவனாக வைத்தான்.

வாசலில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். முறை வைத்து ஒவ்வொரு நாளும் ஒரு பையன் மூன்றரையிலிருந்து நான்கு வரை வாளியோடு சுற்றி வருவான். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்ப்பான், புறங்கையை அருகில் கொண்டுபோய் இரும்பின் சூட்டைப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், பிறகு நோட்டில் எழுதுவான். அவன் கையெழுத்து விழாமல் சாவி என் கைக்கு வராது. பக்கம் பக்கமாக ஒரே வரிதான்: "எல்லாம் சரி." தமிழில், கன்னடத்தில், உருதுவில், இங்கிலீஷில். சில நாள் எழுதாமல் கிறுக்கியிருப்பார்கள். ஒரு ஜூலை மாசத்துப் பக்கத்தில் மட்டும் ஒரு பையன் கன்னடத்தில் மூன்று வரி எழுதியிருக்கிறான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மூணு ஐம்பது. மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் வேஸ்ட் புகைந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன், சாரிடம் சொல்லவில்லை, அவர் டீ குடிக்கப் போயிருந்தார்."